அடிபடாத கால்

கணுக்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஐஸ் பையையும் ஜெல்லையும் நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டு என் விரல்கள் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். சில்லென்ற விரல் பட்டதும் ஆள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். அதற்கப்புறம் அந்தக் காலில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வேன். பந்தியில் இலை போட்டதும் தயாராகிறவன் மாதிரி இருக்கிறேன் என்று ஒரு லாரி டிரைவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

திருவொற்றியூரில் மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் என் பிசியோதெரபி கிளினிக். கிளினிக் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் ஒரு திரை. 'மசாஜ் டாக்டர்' என்று இந்தப் பக்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது டீ குடிப்பதற்கு முன்னால் கேட்டால் மட்டும் வருகிறது.

எனக்கு வருகிற கேஸ்களில் கணுக்கால்தான் அதிகம். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர்கள் கேபினிலிருந்து இறங்குவதில்லை, குதிக்கிறார்கள். முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள் படகிலிருந்து ஈர மணலில் கால் வைத்து மடக்கிக்கொள்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்து பந்து விளையாடுகிற பையன்கள் ஒற்றைக் காலில் நொண்டியபடி இரண்டு பஸ் மாறி வருகிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "நரம்பு பெசகிகிச்சு சார்." இந்த ஊரில் தோலுக்குக் கீழே இருப்பதெல்லாம் நரம்புதான்.

நரம்பு இல்லை, ஜவ்வு. கணுக்காலின் வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டு ஓர் எலும்பு இருக்கிறதே, அதன் நுனியிலிருந்து மூன்று ஜவ்வுகள் புறப்படுகின்றன. ஒன்று முன்பக்கமாக ஓடிப் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்று கீழே இறங்கிக் குதிகாலைப் பிடிக்கிறது. மூன்றாவது பின்னால் ஆழத்தில் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் சுலபத்தில் நம்ப மாட்டேன். கால் மடங்கினால் பெரும்பாலும் முதலில் போவது முன்பக்கத்து ஜவ்வு. விரல் நுனியை அந்த எலும்பின் முன் ஓரத்தில் வைத்து ஒரு விரல் அகலம் முன்னால் நகர்த்தினால் அது இருக்கும் இடம் வந்துவிடும். அழுத்தக் கூடாது. விரலை வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தானே தெரியும்.

தொடுவதற்கும் முறை இருக்கிறது. வலிக்கிற இடத்தில் நேராகப் போய்க் கை வைக்கக் கூடாது. தூரத்திலிருந்து வர வேண்டும். வலிக்குதா என்று கேட்டுவிட்டு வாயைப் பார்க்கக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அடிபடாத காலைத் தொட வேண்டும். ஒவ்வொருத்தர் ஜவ்வும் ஒவ்வொரு மாதிரி. சிலருக்குப் பிறவியிலேயே தளர்வாக இருக்கும். இந்த ஆளுக்கு இயல்பு எது என்று அடிபடாத கால்தான் சொல்லும். "சார், அடி இந்தக் கால்ல" என்று டிரைவர்கள் பொறுமை இழந்து கத்துவார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

இன்னொன்றும் நடக்கும். வயதில் பெரியவர்கள் பலர் காலைக் கொடுக்கவே மாட்டார்கள். "நீ போய் என் காலத் தொடுறதா" என்று பதறி மடக்கிக்கொள்வார்கள். பார்த்து முடித்ததும் என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரின் பாதம் என் மடியில் இருக்கும். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டுக் காலடிப்பேட்டையில் இருக்கும் வீட்டுக்குப் போனால் என்னைத் தொட யாரும் இல்லை, நான் தொடவும் யாரும் இல்லை. மனைவி வீட்டில் இருந்த காலத்திலேயே அப்படித்தான் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், காலைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் அடுத்தடுத்த பிளாக்கில் வளர்ந்தவர்கள். புத்தர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டு கல்யாணம். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. மகள் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவி ஹாலில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள், நான் உள் அறையில். சண்டை ஒன்றும் கிடையாது. அடித்துக்கொண்டு பிரிகிறவர்களுக்காவது பேச விஷயம் இருக்கும். எங்களுக்கு இருந்தது காஸ் வந்ததா, தண்ணி லாரி வந்ததா, ஞாயிற்றுக்கிழமை கறியா மீனா, அவ்வளவுதான்.

இந்த நிலையில் மகள் உண்டானாள். அம்மா வந்து கூட இருக்க வேண்டும் என்றாள், நியாயம்தானே. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அதற்கு இரண்டு வாரம் முன்னால் மகள் கிளினிக்குக்கு போன் பண்ணினாள். "அப்பா, குழந்தை பொறந்த அப்பறமும் அம்மா இங்கயே இருக்கட்டும்பா. அம்மாவுக்கும் அதான் இஷ்டம். அங்க என்ன இருக்கு?" நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலில் ஒருத்தர் முட்டிக்கு ஹீட் வாங்கிக்கொண்டு படுத்திருந்தார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த வாரமே தையல் மிஷின் கீழ் வீட்டுக்காரம்மாவின் மருமகளுக்குப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது தரையில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது. மிஷின் எங்கே என்று கேட்டேன். "அது இன்னாத்துக்கு இனிமே" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் திரும்பி வரப்போவதில்லை.

கிளம்புவதற்கு ஆறு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை, கணுக்காலை மடக்கிக்கொண்டாள். பிரசவ மருந்துச் சாமான் வாங்க நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டு வரும்போது, ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி உடைந்த கால்வாய் மூடியின் ஓரத்தில் இடது காலை வைத்துவிட்டாள். ஆட்டோக்காரரே வீடு வரை கொண்டுவந்து விட்டிருக்கிறார். மத்தியானம் சாப்பிடப் போனபோதுதான் எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து சுக்கையும் திப்பிலியையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கணுவுக்கு முன்னால் முட்டை வைத்த மாதிரி வீங்கியிருந்தது.

"போன் பண்றதுக்கு இன்னா?" என்றேன்.

"பண்ணி?" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் இருக்கிறவன் காலையெல்லாம் பார்க்கிறேன், கட்டின பெண்டாட்டி இப்படிக் கேட்கிறாளே என்று. கீழே உட்கார்ந்து எலும்பின் பின் ஓரத்தை மட்டும் அழுத்திப் பார்த்தேன். முதல் நாள் அதைத்தான் பார்க்க வேண்டும், எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா. எழுந்து நின்று பழக்க தோஷத்தில் கிளினிக் குரலிலேயே "நாலு அடி நடங்க" என்றேன்.

"இன்னா, மரியாத பலமா கீது" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்குப் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. நடந்தாள். எலும்பு முறியவில்லை. ஐஸ் வைத்து க்ரேப் பேண்டேஜ் சுற்றிவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம போலாம்ல?"

"வெள்ளிக்கெழம பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

இது பொய் இல்லை. முதல் நாள் வீக்கத்திலும் வலியிலும் எல்லா இடமும் ஒரே மாதிரி கத்தும். நாலைந்து நாள் போனால்தான் வீக்கம் வடிந்து, எது வெறுமனே இழுபட்டது, எது கிழிந்தது என்று கைக்குத் தெரியும். இழுபட்டிருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு ரயில் ஏறலாம். கிழிந்திருந்தால், ஆறு வாரம் இங்கேயே. அதை அவளுக்கும் விளக்கிச் சொன்னேன்.

அந்த நாலு நாளில் என் புத்தி எங்கெங்கே போனது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. கிழிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டிக்கொள்கிற பழக்கமே கிடையாது. புதன்கிழமை ராயபுரத்தில் ஒரு வீட்டுக்குப் போய் வாதம் வந்த ஒருத்தருக்குக் கை பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். கிழியாவிட்டால் என்ன, கிழிந்திருக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் போதும். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆறு வாரம் கிடைக்கும். ஆறு வாரத்தில் என்னென்னவோ பேசலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வட்டாரத்தில் என்னிடம் பொய் கேட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஒப்பந்த வேலைக்காரர்கள் அடியே இல்லை என்று எழுதித் தரச் சொல்வார்கள், நிரந்தர வேலைக்காரர்கள் பெரிய அடி என்று எழுதித் தரச் சொல்வார்கள். ஒருத்தருக்கும் நான் எழுதித் தந்தது கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வெளியே சொல்லாத பொய்யையெல்லாம் சேர்த்து வைத்திருந்து வீட்டில் கொண்டுபோய்க் கொட்டப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பாதி அடுக்கின பெட்டி.

"கதவ சாத்துயா" என்றாள். "கீழ் வூட்டம்மா பாத்தா, பொண்டாட்டி கால அமுக்குறான்னு தெருவெல்லாம் சொல்லினு வரும்."

சாத்தினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கையைத் தேய்த்தேன். அந்த நேரத்தில் என் கையில் இருந்த சில்லிப்பு ஐஸ் பையால் வந்தது இல்லை. வலது காலைக் கொடு என்றேன். அடி இடது காலில் என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷம் என் புலம்பலைக் கேட்டவள், முறை தெரியும்.

பாதத்தை மடியில் வைத்துக்கொண்டதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இது யாருடைய கால் என்பதுதான். குதிகாலில் வெடிப்பு. கணுவுக்கு மேலே சுருண்டு கிடந்த பச்சை ரத்தக்குழாய்கள். இரண்டாவது விரல் மெட்டிக்குக் கீழே இளைத்திருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த கால் இது இல்லை. நடுவில் எப்போது இப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று முதல் தடவையாக வந்த டிரைவரின் கால் இதைவிட எனக்குப் பழக்கமாக இருந்தது.

எலும்பு நுனியிலிருந்து ஒரு விரல் முன்னால் நகர்ந்தேன். அங்கே நாடா மாதிரி ஒன்று விறைப்பாக இருக்க வேண்டும். தடித்துப் போய், ஆனால் பிடிமானமே இல்லாமல் ஏதோ ஒன்று இருந்தது. ஒரு கையால் கணுவுக்கு மேலே எலும்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குதிகாலை ஏந்தி மெதுவாக முன்னால் இழுத்தேன். நல்ல ஜவ்வு என்றால் கொஞ்சம் வந்ததும் டக்கென்று நிறுத்தும். இது நிற்கவில்லை. பாதம் வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது, கணுவுக்கு முன்னால் தோல் குழிந்தது. ஒரு கணம் நான்தான் காலை மாற்றிப் பிடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

"எந்தக் கால் மடங்குச்சு?"

"கண்ணு தெர்லயா? வீங்கிகினு கீதே, அது."

மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் குழி. சந்தேகமே இல்லை, முன் ஜவ்வு முழுசாகக் கிழிந்து, ஒட்டாமல், பல வருஷம் ஆகியிருக்கிறது. இதோடு ஒரு பொம்பளை மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள், தண்ணீர் தூக்கியிருக்கிறாள், மிஷின் மிதித்திருக்கிறாள்.

"இந்தக் கால்ல எப்ப அடி பட்டுச்சு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாப்பா பன்னெண்டாவது படிச்சுகினு இருந்தப்ப. கொடம் எடுத்துகினு படி ஏறும்போது."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

"அன்னிக்கே சொன்னேன்யா. போன் பண்ணேன். ஐஸ் வை, கால ஒசரமா தூக்கி வை, சாயங்காலம் வந்து பாக்குறேன்னு சொன்ன. யாரோ பேஷண்ட் கீறாங்கன்னு வெச்சிட்ட."

எனக்கு நினைவில்லை. ஆனால் என் குரல் எனக்குக் கேட்டது. ஐஸ் வை, உயரமாக வை. போனில் அதை நான் இன்றைக்கும் ஒரே மூச்சில்தான் சொல்கிறேன்.

"அப்பால?"

"அப்பால இன்னா. தலகாணி மேல கால வெச்சிகினு ஹால்ல ஒக்காந்துகினு இருந்தேன். நீ வந்த. சோறு போட்டுகினு சாப்ட்ட. டிவி பாத்த. தூக்கம் வந்துச்சு. கால்கீழ இருந்த தலகாணிய உருவிகினு உள்ள போய்ப் படுத்துகின."

இதைக் கோபமில்லாமல் சொன்னாள். காஸ் வந்ததா என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது எகிறியிருப்பேன்.

மறுநாள் பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வைத்தியரிடம் நாட்டுக் கட்டு போட்டுக்கொண்டாளாம். முட்டை வெள்ளையைத் தடவி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்து. கிளினிக்கில் உட்கார்ந்து அந்தக் கட்டை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? அந்த வைத்தியர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எங்கே வலிக்கிறது என்று கேட்டாராம். மூன்று வாரம் நடக்காதே என்றாராம். நாலாம் நாளே கட்டைப் பிரித்துவிட்டாள், சமைக்க வேண்டுமே. அதற்கப்புறம் மிஷின் மிதித்தால் கால் வழுக்கியது, அதனால் மோட்டார் போட்டுக்கொண்டாள். மோட்டார் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "தொரசாணிக்கு மிதிக்கக் கூட முடிலயா" என்று நான்தான் கிண்டல் பண்ணினேன். கீழ் வீட்டம்மா சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அவள் காலை மடியிலிருந்து எடுக்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அழுதுவிடுவேனோ என்று பயந்து, "சரி, அந்தக் கால குடு" என்றேன்.

இடது காலையும் முறைப்படி பார்த்தேன். தூரத்திலிருந்து வந்தேன். நடு ஜவ்வு சரியாக இருந்தது, குதிகாலை உள்பக்கம் சாய்த்தால் கயிறு மாதிரி விறைத்துக்கொண்டு விரலுக்குக் கிடைத்தது. முன் ஜவ்வில் விரல் வைத்ததும் அவள் புருவம் சுருங்கியது, அங்கேதான் வலி. குதிகாலை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது, டக்கென்று நின்றது. இன்னொரு தடவை இழுத்தேன், நிற்காதா என்று. நின்றது. வெறும் இழுபடல்தான், கிழியவில்லை. பத்து நாளில் சரியாகிவிடும்.

"இன்னா சொல்லுது?" என்றாள். "போலாமா?"

நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. கிழிஞ்சிருக்கு, ஆறு வாரம். அந்த வலது காலைத் தொட்ட கையோடு இந்தக் காலைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நான் கொடுக்கக்கூடியது ஒரு நேர்மையான பரிசோதனையாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அதைப் பெரிய தியாகம் என்றும் நினைத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

"போலாம்" என்றேன். "கட்டு போட்டு வுடுறேன். கிழியல."

அவள் காலை இழுத்துக்கொண்டு புடவையைச் சரி பண்ணிக்கொண்டாள். சனிக்கிழமை கணுக்கால் பட்டை ஒன்று கிளினிக்கிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். நாலு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தேன். வலது காலுக்கும் ஒரு பட்டை எடுத்துவந்திருந்தேன். அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக சென்ட்ரலுக்குப் போனோம். பிளாட்பாரத்தில் மெதுவாக நடந்தாள், ஒரு இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியை மேலே ஏற்றி வைத்தேன். ஜன்னல் சீட். எதிரில் ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், அடிக்கடி காலை நீட்டிக்கொள் என்றேன், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நில் என்றேன்.

"ஆறு வாரம்னு சொல்வன்னு நெனச்சேன்" என்றாள் திடீரென்று.

"கிழியலயே. கிழியாதத கிழிஞ்சிச்சுன்னு எப்டி சொல்றது?"

"அது கரெக்ட்டுதான்." ஜன்னல் கம்பியில் விரலை வைத்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "காலாண்ட கேட்ட, காலு சொல்லிச்சு. இருக்கியா, போறியான்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாயா நீ?"

எதிர் சீட்டுக்காரர்கள் காதில் விழுந்திருக்கும். நான் கேட்டிருக்கலாம், அப்போதாவது கேட்டிருக்கலாம். கூட வந்தவர்கள் இறங்குங்கள் என்று யாரோ சத்தம் போட்டார்கள், நான் இறங்கினேன். கீழே நின்று கேட்கலாம் என்று ஜன்னல் பக்கம் ஓடி வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. அவள் கை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

பேரன் பிறந்தான். போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். வீடு நிறைய மருமகன் பக்கத்து மனிதர்கள், அவளோடு தனியாக உட்கார முடியவில்லை. முயற்சி செய்யவில்லை என்று சொல்வதுதான் சரி. இங்கே வந்தால் ஒற்றை டம்ளர், ஒற்றைத் தட்டு. மத்தியானம் ஹோட்டல் பார்சல், சாயங்காலம் அதில் மிஞ்சின சோற்றில் மோர். ஹாலில் மிஷின் இருந்த இடத்தை ஒட்டியே இப்போது படுத்துக்கொள்கிறேன், உள் அறையில் தூக்கம் வருவதில்லை. சில நாள் கடைசிப் பேஷண்ட் போன பிறகும் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருப்பேன். தனிமை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அவள் ஹாலில் இருந்தபோதே இப்படித்தானே இருந்தேன். ஆனால் அப்போது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுகிறேன். கால் எப்படி இருக்கிறது, வீக்கம் இருக்கிறதா, பயிற்சி பண்ணுகிறாயா என்று கேட்பேன். அவள் பதில் சொல்வாள். பேரன் பால் குடித்தானா, தூங்கினானா என்பாள். அதோடு முடிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணைப் போடுவதற்கு முன்னால் இந்தத் தடவை காலைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

"எப்டி கீற?" என்றேன்.

"ரெண்டு காலும் நல்லா கீது" என்றாள்.

"காலக் கேக்கலம்மே. உன்னதான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்தாள்.

"சரி, கேளு" என்றாள்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் காத்திருந்தாள், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.